வீராயியின் பதினெட்டு

கண்ணா,

உன் நிச்சயதார்த்தத்தன்று பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ நண்பர்களோடு ஆடும் விளையாட்டைப் பற்றி வித்யாவின் வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள், அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும் என்றாய். பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று உங்களுக்குள் அடிதடியே நடக்கும் என்றும் சொன்னாய். உன் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நீ பால்குடி மறக்கும் முன்பே நாங்கள் அதை ஆடிவிட்டோம் என்று ஆரம்பித்து, சதுரங்கப்பட்டினத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு எலக்ட்ரீஷியன் எங்கள் புதுப் புத்தகத்தைத் திருடிக்கொண்டு போன கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வித்யா என் பக்கம் திரும்பி, உங்களுக்கு எது பிடித்தது அத்தை, பழசா புதுசா என்று கேட்டாள். காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அந்தப் புத்தகத்தை ஏழுமலை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். கல்யாண வேலைகளுக்கு நடுவே அம்மா இதை ஏன் கிளப்புகிறாள் என்று உனக்குத் தோன்றும். நீ அந்தக் கதையை இன்னும் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அப்போது அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் என்ஜினீயர். கடலோரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வரிசையாக ஓட்டு வீடுகள். ஜன்னலைத் திறந்தால் சோற்றில் மணல் விழும். நான் பழனியிலிருந்து கணக்கில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, அந்த வீட்டில் உனக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவோடு வேலை பார்த்தவர் மூர்த்தி. அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர், கல்யாணமாகாதவர். அங்கிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். அதற்குள் பள்ளிக்கூட நோட்டு மாதிரி மூன்று மெல்லிய புத்தகங்கள், விதவிதமான முகங்கள் கொண்ட பகடைகள். ஒரு ஞாயிறு மத்தியானம் பொழுது போகாமல் உன் அப்பாவையும் என்னையும் உட்கார வைத்து ஆட்டத்தைத் தொடங்கினார். நம் ஆளுக்கு எவ்வளவு பலம், எவ்வளவு புத்தி என்பதற்கெல்லாம் மூன்று பகடையை உருட்டிக் கூட்ட வேண்டும். பலத்துக்கு நான் உருட்டியபோது மூன்றிலும் ஆறு விழுந்தது. பதினெட்டு. அதற்கு மேல் கிடையாது. மூர்த்தி சிரித்துவிட்டு, பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு பலம், புத்திக்கு மாற்றிக்கொள்ளுங்களேன் என்றார். உன் அப்பாதான் விடவில்லை. "விழுந்தது விழுந்ததுதானேப்பா, அவ கையால விழுந்தது" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரை அன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் ஆளுக்கு வீராயி என்று பேர் வைத்தேன். இடுப்பில் வாள், தோளில் கோடரி. கதவை உடைக்க வேண்டுமா, பாறையை நகர்த்த வேண்டுமா, வீராயி.

ஏழுமலை வந்தது இரண்டு மாதம் கழித்து. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். அவர் மட்டும் செங்கல்பட்டில் தொழில் படித்துவிட்டு கம்பெனியில் தற்காலிக எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருந்தார். இருபத்துநான்கு வயதிருக்கும். மின்விசிறி சரிபண்ண வந்தவர், வேலை முடிந்தும் போகாமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று எங்கள் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதையில் நாங்கள் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். தண்ணீருக்குள் ஒரு மிருகம். உன் அப்பா எத்தனை அடி, எத்தனை அம்பு என்று அரை மணி நேரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏழுமலை பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். "அது துன்றதுக்குத்தான சார் வருது. உங்க மூட்டைல கறி கீதுன்னு சொன்னீங்களே, அத்த அந்தாண்ட வீசி உடுங்க. அது துன்னுகினு இருக்கசொல்லவே நாம இந்தாண்ட பூந்து போயிடலாம்." மூர்த்தி அவரையே பார்த்தார். பிறகு, சரி, நீங்கள் கரைக்கு வந்துவிட்டீர்கள் என்றார். உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏழுமலையை உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேர். ஆட்டத்தை நடத்துகிறவர் என்பதால் மூர்த்தியை நடத்துனர் என்போம்; ஏழுமலை அதைக் கண்டக்டர் சார் ஆக்கிவிட்டார்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அப்படி ஓடியது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் வாள் வீசியிருக்கிறேன். அந்த மூன்று புத்தகங்களில் பாதிக்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்காது. கயிற்றில் தொங்கினால் என்ன ஆகும், பூதத்திடம் பேரம் பேசலாமா, எதற்கும் விதி கிடையாது. நாம் சொல்ல வேண்டும், மூர்த்தி யோசித்துத் தீர்ப்புச் சொல்வார். ஏழுமலைக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் அங்கே படிக்க வேண்டிய அவசியமே இல்லை, பேசினால் போதும். அவர் மாதிரிப் பேச எங்களில் யாருக்கும் வராது. என் நிலைமையும் அதுதான். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மூர்த்தி என்னைப் பார்த்து, வீராயி என்ன செய்கிறாள் என்று கேட்பார்.

பழைய முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அலுவலகத்தில் மூர்த்தி திட்டு வாங்கிவந்த வாரம் எங்களுக்கு ஒன்றும் விளங்காது, தொட்டதெல்லாம் விஷம். உன் அப்பாவின் ஆளை அப்படி ஒருமுறை கொன்றேவிட்டார். நீ நினைத்ததுதான் சட்டமா என்று உன் அப்பா கத்தினார். எழுதி வைத்த விதி வேண்டும், எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்தது. நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு வீட்டை நடத்தப்போகிறாய். உன் மனநிலைதான் வீட்டுச் சட்டம் என்று ஆகிவிட்டால் வித்யா உன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளுவாள். அதை மட்டும் செய்யாதே.

பிறகு புதுப் பதிப்பு வந்தது. அமெரிக்காவிலிருந்து மூர்த்தியின் நண்பர் தபாலில் அனுப்பியிருந்தார். கெட்டி அட்டை, செங்கல் கனம், பளபளக்கும் தாள். எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை. உன் அப்பா புதுப் பாடப்புத்தகம் கிடைத்த பிள்ளை மாதிரி முகர்ந்து பார்த்தார். பழைய ஆட்களைப் புது விதிக்கு மாற்றி எழுத வேண்டும் என்றார் மூர்த்தி. என் தாளை எடுத்தார், ஒரு பக்கத்தைப் புரட்டினார், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: பெண்ணாக இருந்தால் பலம் பதினான்குக்கு மேல் போக முடியாதாம். அட்டவணை இருக்கிறது.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். "போட்டிருக்கேம்மா. இதுல ஒண்ணை மட்டும் விட்டா அப்புறம் எதுக்குப் புத்தகம்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. ஏழுமலை மட்டும்தான் கேட்டார். "ரெண்டு வருசமா அம்மா தூக்கன கல்லு சார் அது. இப்ப தூக்க முடியாதுன்னா, கல்லு கனம் ஏறிச்சா இன்னா?" மூர்த்தி ரப்பரால் பதினெட்டை அழித்துப் பதினான்கு என்று எழுதினார். தாளில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துபோயிற்று.

அடுத்த வாரங்களில் நானாவது புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏழுமலை பாடுதான் பரிதாபம். அவர் ஏதாவது சொன்னால் மூர்த்தி பக்கம் புரட்டுவார், உன் அப்பா இன்னொரு பக்கம் காட்டுவார், இரண்டு பேரும் ஆங்கிலத்தில் வாதாடுவார்கள், முடிவில் அவர் முறை தாண்டிப் போயிருக்கும். ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இந்த புக்க தூக்கி கடல்ல போட்டாத்தான் சார் ஆட்டம் வெளங்கும்." எல்லோரும் சிரித்தோம்.

அந்த மாதம் மூர்த்தி ஒரு வாரம் ஊருக்குப் போனார். புத்தகத்தை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனார், உன் அப்பா படிக்கட்டும் என்று. செவ்வாய்க்கிழமை காலை, அவர் வேலைக்குப் போனபின், நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கணக்குப் படித்தவள் இல்லையா, அட்டவணை எனக்குப் புதிதல்ல. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிழித்தேன். வெந்நீர் அடுப்பில் போட்டேன். அது எரிந்து முடிந்த பிறகுதான் புத்தி வந்தது. அந்த ஒரு பக்கத்தைக் கிழிக்கக்கூடியவள் உலகத்தில் நான் ஒருத்திதான். ஒரு பக்கம் போனால் நான். முழுப் புத்தகமும் போனால் யாரோ. அப்படித்தான் என் மூளை வேலை செய்தது.

மறுநாள் உனக்கு ஊசி போட வேண்டும் என்று செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். ஊசியும் போட்டோம், அது பொய்யில்லை. பிறகு ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பார டிக்கெட் வாங்கினேன். மெட்ராஸ் போகும் மின்சார ரயில் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி, துணிப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பைக்குள் புத்தகம். வண்டி கிளம்பியது. என் இடுப்பில் இருந்த நீ அதற்கு டாட்டா காட்டினாய். யாராவது பெண் எட்டிப் பார்த்து, அம்மா உங்கள் பை என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று கடைசிப் பெட்டி மறையும்வரை நின்று பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இஸ்திரிப் பெட்டி ஒயர் மாற்ற ஏழுமலை வந்தார். பத்து நிமிஷ வேலை. அந்த வாரம் முழுக்க உன் அப்பாவுக்கு வேலை நெருக்கடி, புத்தகத்தைத் தொடவே இல்லை. சனிக்கிழமை மூர்த்தி திரும்பினார். புத்தகத்தைத் தேடினார்கள். அலமாரி, கட்டிலுக்கு அடியில், பரண். நானும் தேடினேன். உன் அப்பா திடீரென்று நிமிர்ந்து, ஏழுமலை வந்தபோது நீ கூடவே இருந்தாயா என்று கேட்டார். காபி போட உள்ளே போனேன் என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததால் எளிதாக வாயில் வந்துவிட்டது. கடலில் போட வேண்டும் என்று அவர் சொன்னது இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிறன்று அவர் வழக்கம்போல மூன்று மணிக்கு வந்தார். மூர்த்தி சுற்றி வளைத்துத்தான் கேட்டார்; விளையாட்டுக்குச் செய்திருந்தால் கொடுத்துவிடு, ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம் என்றார். ஏழுமலைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "நான் எடுக்கல சார். எடுத்துகினு போயி இன்னா பண்ணுவேன், எனக்கு அத்த படிக்கவே வராதே." பிறகு என்னைப் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியும், நான் எடுக்கலன்னு." நீ தூளியில் அசைந்தாய். அழக்கூட இல்லை. நான் எழுந்து உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் யாரும் அவரை வேலைக்கு வீட்டுக்குள் விடவில்லை. எப்படிப் பரவியதோ தெரியாது. ஆட்டம் பழைய புத்தகங்களுக்குத் திரும்பியது. பதினான்கை அழித்து மறுபடியும் பதினெட்டு என்று எழுதித் தந்தார் மூர்த்தி. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் ஏழுமலை இல்லாத மேஜையில் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பழைய விதியில் பேச்சுத்தானே எல்லாம், பேசுகிறவரை நான் விரட்டிவிட்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு உன் அப்பா தூங்கப் போய்விட்டார். பெட்டியை மூர்த்தி எடுத்துக்கொண்டு போனார்.

இதுவரை செய்ததை மன்னிக்கலாம் என்று சில சமயம் எனக்குத் தோன்றும். இனிச் சொல்வதை அப்படி நினைக்க முடிவதில்லை. ஐந்தாறு மாதம் கழித்து, தற்காலிக ஆட்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று கம்பெனியில் கேட்டார்கள். எலக்ட்ரிகல் பிரிவில் பேர் கொடுக்க வேண்டியவர் உன் அப்பா. மத்தியானம் சாப்பிட வந்தவர் சொன்னார்: "ஏழுமலை நல்ல வேலைக்காரன்தான். ஆனா வீட்டுக்குள்ள கை வைக்கிறவனுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி நின்றது. சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று முட்டியது. சொன்னால் இந்த மனிதர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று பயந்தேன். மோர் வேண்டுமா என்று கேட்டேன். அன்று சாயங்காலமே பட்டியல் போய்விட்டது.

ஏழுமலை படாளத்தில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போனபோது, வழியில் படாளத்தில் இறங்கினேன். கடை வாசலில் உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வாங்கம்மா என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தைக் கிழித்தது, ரயில், ரசம். அவர் கம்பியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கே தெரியும்மா. உங்க மூஞ்ச பாத்தாலே தெரிஞ்சிது. எப்டியும் சொல்லுவீங்கன்னு ரெண்டு மூணு நாயித்துக்கெழம பாத்துகினு இருந்தேன்" என்றார். பிறகு, "சார்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட வந்து சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே." அவ்வளவுதான். சுற்றுக்கணக்கு விட்டுப்போயிற்று என்று கம்பியைப் பிரித்து முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். நான் அடுத்த பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, அந்த வருஷம் சொல்லவில்லை, நீ பள்ளிக்குப் போனாய், கல்லூரிக்குப் போனாய், சொல்லவில்லை.

இதுவரை எழுதிவிட்டுக் கடிதத்தை மூன்று நாள் அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். உனக்கு எழுதுவதும் படாளத்துக்குப் போனது போலத்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்ல வேண்டியவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நேற்று முன்தினம் காலை உன் அப்பா எதிரே போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. பேப்பரை மடித்தார், மறுபடியும் மடித்தார். "அந்தக் கையெழுத்து என்னுது" என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். நேற்று விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, படாளத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார். முட்டி வலியோடு பஸ் படியேற அவருக்கு நானும் இன்னொருவரும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

கடை இருந்தது. பெரிதாகியிருந்தது. ஏழுமலை இல்லை. நாலு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டாராம். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி வெளியே வந்து, யார் நீங்கள் என்று கேட்டார். சதுரங்கப்பட்டினத்தில் அவர் வேலை பார்த்தபோது நான் மேலதிகாரி என்றார் உன் அப்பா. அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, அங்கே வேலை பார்த்ததாகத் தெரியும், அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை என்றார். உன் அப்பா நின்றபடியே, பொருளைத் திருடினார் என்று அவர்மேல் நான் பழி போட்டேன், உண்மையில் அவர் எதையும் எடுக்கவில்லை என்றார். எடுத்தது நான் என்றேன். அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "பாபு, இங்க வா. இவங்க உங்கப்பாவப் பத்தி இன்னாவோ சொல்றாங்க. நீ கேளு." எங்களிடம் திரும்பி, "அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

உன்னைவிட நாலைந்து வயது சின்னவன். கையில் வார்னிஷ். உன் அப்பா ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னார். விளையாட்டு, புத்தகம், பட்டியல். நடுவில் என் பக்கம் திரும்பினார். மிச்சத்தை நான் சொன்னேன். அந்தப் பிள்ளை கழிவுத்துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் உன் அப்பாவைப் பார்த்து, "அப்பாவுக்கு அங்க பர்மனென்ட் ஆவாததுக்கு இதான் காரணமா சார்?" என்றான்.

ஆமாம் என்றார் உன் அப்பா.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குள் போனான். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது. நாங்கள் அடுத்த பஸ் ஏறினோம்.

அம்மா